கேள்வி ஞானம்

எங்கள் பக்கம் 'கேள்வி ஞானம்' என்றொரு பேச்சு உண்டு. மட்டம் தட்டுவதற்குத்தான் சொல்வார்கள். "அவளுக்கென்ன படிப்பா வந்துச்சு, எல்லாம் கேள்வி ஞானம்" என்று. ஏட்டில் படித்தது ஒரு படி மேலே, காதில் வாங்கினது ஒரு படி கீழே. ஆனால் வேதத்தைக் காதால் கேட்டு வாயால் சொல்லித்தான் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேரே சுருதி, கேட்கப்பட்டது என்று அர்த்தம். அவுக கேட்டா சுருதி, நாம கேட்டா கேள்வி ஞானமா? அதைக் காதில் வாங்கிவிட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். படிப்பது பிறகு இருக்கட்டும், கேட்பதே குற்றமாக இருந்திருக்கிறது. அந்தக் காதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

எங்கம்மா கையெழுத்துப் போடாது, கைநாட்டுத்தான். ஏழு வயசில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனது. சாமக்கோழி கூவுகிற நேரத்துக்குக் கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்டவேண்டும் என்றார்கள். அதற்குள் எங்கம்மா பெத்த நானே வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

அம்மா சின்னவளாக இருந்தபோது பஞ்சாயத்து ரேடியோ ஊருக்குள் இருந்தது. எங்கள் தெருவுக்குக் காத்து திரும்பினால்தான் கேட்கும். மேகாத்து அடிக்கிற மாசங்களில் பாதிச் செய்தி வரும், பாதியைக் காத்து கொண்டுபோய்விடும். கேட்ட பாதியை மறுநாள் ஆபீசில் கட்டை அடுக்கிக்கொண்டே சொல்லுமாம். வேறொரு தெருக்காரி இன்னொரு பாதியைச் சொல்லுவாளாம். இப்படித்தான் அம்மாவுக்கு உலகம் வந்து சேர்ந்தது. பெட்டி ஒட்டுகிற கணக்கையும் அது எழுதி வைத்ததில்லை. ஒரு குரோஸ் முடிந்தால் அடுப்புக்கரியால் சுவரில் ஒரு கோடு. கோடு நேராக இருந்தால் அடிப்பெட்டி, சாய்ந்திருந்தால் மேல்பெட்டி. கங்காணி கணக்கில் ஒரு குரோஸ் குறைந்தால் அம்மா சுவரைக் காட்டிச் சண்டை போடும். வெள்ளையடித்த பொங்கலுக்கு மட்டும் கணக்கு நேராகாது.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. இலங்கை வானொலிப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். எங்க மாமா ஒருத்தர் பாட்டு முடிந்ததும் முள்ளைத் திருகித் திருகி ராத்திரி ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசையைப் பிடிப்பார். 1941 மே மாதம் தொடங்கின அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து எங்க தெருவிலும் போனில் நெட் ஓட ஆரம்பித்திருந்தது. ரேடியோ போன வழியில் பாட்காஸ்ட் வந்தது என்று சொல்லலாம். நேரத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டாம், காத்து திரும்பவும் வேண்டாம். சட்டம், சரித்திரம், உடம்பு, விஞ்ஞானம் என்று யாராரோ பேசுகிறார்கள். ரேடியோ பெட்டி வாங்க வக்கில்லாத வீட்டிலும் காதுக்குக் குறைவில்லை.

கேட்கிற நேரம் எது என்றுதான் கேள்வி. பட்டாசு ஆபீஸ் வாசலில் போன், பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். ஆகவே வெள்ளனத்துல ஆபீஸ் பஸ்ஸில் போகிற முக்கால் மணி நேரமும், சாயந்தரம் திரும்புகிற முக்கால் மணி நேரமும்தான் நமக்கு. டிரைவர் பாட்டை அலறவிடுவார். எனக்கு ஒரு காதிலும் பக்கத்தில் உட்காருகிற மதினிக்கு ஒரு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்போம். கேட்கிறபோது எல்லாம் விளங்குகிற மாதிரிதான் இருக்கும். இறங்கி அரை மணி கழித்து "என்னத்தா சொன்னான்?" என்று கேட்டால் வாய் திறக்காது. இது எங்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. எபிங்காஸ் என்ற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று தன் மண்டையையே அளந்து பார்த்து 1885இல் புத்தகம் போட்டார். மறதி முதல் நாளிலேயே பெரும்பங்கைத் தின்றுவிடும், மிச்சத்தைப் பைய அரிக்கும்.

எங்களுக்கு வழிகாட்டியது ஒரு வெடிமருந்து விதி. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்குத்தகைக்கு விட்ட இடங்களில் இந்த விதி என்னவாகிறது என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பேப்பரில் படிக்கிறோம். நான் இருந்த அறையில் நாலு பேர்தான். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். காலையில் பஸ்ஸில் கேட்டதை மத்த ரெண்டு பேருக்கும் நானும் மதினியும் சொல்ல ஆரம்பித்தோம். போனும் இல்லை, எழுதி வைத்த தாளும் இல்லை. மண்டைக்குள் இருந்துதான் எடுத்துச் சொல்லணும். முதல் நாள் நாலு வாக்கியம் தேறவில்லை. போகப் போக, சொல்லணுமே என்பதற்காகவே கவனமாகக் கேட்டோம். ரோடிகர், கார்பிக் என்று அமெரிக்காவில் ரெண்டு பேர் 2006இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் அஞ்சு நிமிஷம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். எங்க அறையில் புத்தகத்தை வாசலிலேயே வாட்ச்மேன் மூடி வாங்கிக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான்.

தமிழில் கேட்பது என்றால் காது கொடுப்பதும் கேட்பதுதான், வினா எழுப்புவதும் கேட்பதுதான். ரெண்டுக்கும் ஒரே சொல் வைத்தவன் விவரமானவன். சொல்லிக்கொண்டு வரும்போது மூணு பேரில் ஒருத்தி "ஏன்?" என்பாள். அந்த இடத்தில்தான் எனக்கு என்ன தெரியவில்லை என்று தெரியும். சாயந்தர பஸ்ஸில் அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்பேன்.

ஒன்று சொல்கிறேன். போர்மேன் பல வருஷமாக "பருத்திச் சேலை கட்டிட்டு வாங்க" என்று சத்தம் போடுவார். ஏன் என்று சொன்னதில்லை. நைலக்ஸ் சேலைதான் மலிவு, துவைத்தால் சீக்கிரம் காயும், அதைத்தான் கட்டினோம். நிலைமின்சாரம் பற்றிய ஒரு பாட்காஸ்டில், செயற்கை இழை உரசும்போது உடம்பில் மின்சாரம் தேங்கி, ஒரு பொறியாகப் பாயும் என்று சொன்னார்கள். நைலக்ஸ் சேலையைக் கழற்றும்போது இருட்டில் படபடவென்று வெட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பொறி மருந்துத் தூசிக்குப் போதும். அறை வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டை ஏன் தொட்டுவிட்டு வரணும், இரும்புச் சாமானை ஏன் உள்ளே விடுவதில்லை என்பதெல்லாம் அன்றைக்கு ஒரு சரமாகக் கோத்துக்கொண்டது. அலுமினியப் பவுடர் கலந்த நைட்ரேட் மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும், அப்போது அம்மோனியா நெடி வரும், அதைத் தடுக்கத்தான் போரிக் அமிலம் கொஞ்சம் சேர்க்கிறார்கள் என்பதும் இப்படிக் கேட்டதுதான். மழை நாளில் அந்த நெடியை மோந்தவர்கள் அந்த அறையில் ரெண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த ஜென்மத்தில் மறக்காது. பேப்பர்காரர்கள் 'உராய்வு காரணமாக வெடிவிபத்து' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எதோடு எது உராய்ந்தது, யார் சொல்லித் தராமல் விட்டது என்று அந்த வரியில் இருக்காது.

கைவேலைக்காரர்கள் காதால் படிப்பது உலகத்தில் புதுசு இல்லை. கியூபாவில் ஹவானா சுருட்டுத் தொழிற்சாலையில் 1865இல் தொழிலாளிகள் தங்களுக்குள் காசு போட்டு ஒருத்தரை வாசிக்க வைத்தார்கள். சுருட்டு சுற்றுகிறவர்களுக்கு அவர் பேப்பரும் நாவலும் வாசிப்பார். அடுத்த வருஷமே கவர்னர் தடை போட்டார். பிறகு அந்தப் பழக்கம் அமெரிக்காவில் டாம்பா ஊர்ச் சுருட்டுத் தொழிற்சாலைகளுக்கும் போனது. அங்கே 1931இல் முதலாளிகள் வாசிப்பவரை இறக்கிவிட்டு ரேடியோவை வைத்தார்கள். எதை வாசிக்கணும் என்று தொழிலாளி முடிவு செய்கிற வரைக்கும்தான் அவர்களுக்குப் பிரச்சினை. இங்கே பக்கத்தில் கண்ணூரில், 1969இல் தொடங்கின தினேஷ் பீடிக் கூட்டுறவில் ஒருத்தர் பேப்பர் வாசிப்பார், அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். இதைக் கேட்ட அன்று எங்க அறையில் ரொம்ப நேரம் பேச்சு. "நம்ம பங்கை யாரு சுத்துவா?" என்று மதினி சிரித்தது. பீடிக்கும் பட்டாசுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நூறு பேர் ஒன்றாக உட்காருகிற கொட்டகை பட்டாசில் கிடையாது, இருக்கவும் கூடாது. நாலு நாலு பேராகப் பிரித்து வைத்த தொழிலில் சங்கம் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவப்பட்ட தோழர்களுக்குத் தெரியும்.

எழுதி வைப்பது பிறகு வந்தது. சிவகாசியில் தாளுக்கா பஞ்சம்? அச்சாபீசில் கழித்துப் போட்ட தினக் காலண்டர் தாள்கள் எடைக்கு வரும். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் வெள்ளை. ஒரு தாளுக்கு ஒரு சங்கதிதான். கேட்டதை அப்படியே எழுதுவதில்லை, அறையில் நான் எப்படிச் சொன்னேனோ அந்த வாக்கியத்தை எழுதுவேன். கீழே யார் பேசினது, அவர் எந்த வருஷம் பேசினது, நான் எந்தத் தேதியில் கேட்டேன் என்று இருக்கும். வேறு யாராவது அதையே சொல்லியிருந்தாலோ புத்தகத்தில் பார்த்திருந்தாலோ ஒரு டிக். டிக் இல்லாத தாளை மேடையில் பேச எடுக்க மாட்டேன். அடுக்கி வைக்க கிப்ட் பாக்ஸ் அட்டைப் பெட்டி. நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியல்காரர் இந்த மாதிரி தொண்ணூறாயிரம் சீட்டு சேர்த்து வைத்திருந்தாராம். நம்மிடம் அறுநூறுக்குப் பக்கம் இருக்கிறது, அவருக்கு ஷிப்டு இல்லை.

பெட்டியைத் தலைப்பு வைத்துப் பிரிப்பதில்தான் மண்டை காய்ந்தது. முதலில் பள்ளிக்கூடத்தில் மாதிரி அறிவியல், வரலாறு, சட்டம் என்று வைத்தேன். தேடினால் கிடைக்காது. இப்போது, யாருக்கு எப்போது தேவைப்படும் என்று பார்த்து வைத்திருக்கிறேன். 'அறைக்குள் போகுமுன்', 'விபத்து நடந்த அன்று', 'கையெழுத்துக் கேட்டால்', 'ஆஸ்பத்திரியில்', 'பிள்ளைக்கு சர்டிபிகேட் வாங்க', 'நம்மாளு யாரு'. இந்தக் கடைசிப் பெட்டிதான் ரொம்பிக்கிடக்கிறது. படிப்பகத்துக்கு வருகிற பிள்ளைகள் அதைத்தான் முதலில் கிளறுவார்கள்.

அம்பேத்கரின் சீட்டுகள் அதில்தான் இருக்கின்றன. 1954 அக்டோபர் 3ஆம் தேதி அகில இந்திய வானொலியில் அவர் தன் தத்துவத்தைப் பற்றிப் பேசினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று சொன்ன பேச்சு அது. 1955இல் பி.பி.சி.க்குக் கொடுத்த பேட்டி குரலாகவே கிடைக்கிறது. இங்கிலீஷில் பேசுகிறார். எனக்கு நாலில் ஒரு பங்குதான் புரிந்தது. ஆனால் காந்தியைப் பற்றிக் கேட்கும்போது குரல் கொஞ்சமும் குழையாமல் வருகிறது பாருங்கள், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. சிலையாகவும் படமாகவும் மட்டும் பார்த்த மனுசனுக்குத் தொண்டை இருக்கிறது, இருமல் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்பதை எங்க தெருக் கிழவிகள் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

எல்லாக் குரலுக்கும் இந்த மரியாதை கொடுக்க முடியாது. சிவகாசியைப் பற்றி வருகிற பேச்சுகளில் நிறைய 'குட்டி ஜப்பான்' கதைதான். கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தவர்களின் உழைப்பு, மழையில்லாத கரிசலில் எழும்பின ஆலைகள், இந்தியா முழுக்கப் போகிற சரக்கு. உழைப்பு உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசுகிறவர் கட்டை அடுக்கின பிள்ளையைப் பற்றி ஒரு நிமிஷம் பேசமாட்டார். அப்படிப்பட்டதைக் கேட்கிற அன்று சீட்டின் ஓரத்தில் 'யார் இல்லை' என்று ஒரு வரி எழுதுவேன். குரல் இனிமையாக இருந்தால் சொல்வது நிஜம் என்று காது நம்பிவிடும். காதுக்கு அது ஒரு பலவீனம்.

இனி சொல்லப்போவது சில வருஷம் முந்தி நடந்தது. ஆலை பேர் வேண்டாம். எங்க தெருவில் ஒரு அக்கா, நாற்பது வயசு, மருந்து செலுத்துகிற அறையில் செத்துப்போனது. மூணாம் நாள் ரெண்டு பேர் பத்திரத்தோடு வந்தார்கள். மூணு லட்சம் தருகிறோம், இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அக்கா வீட்டுக்காரர் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறார், பேனாவைக் கையில் கொடுத்தாகிவிட்டது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பற்றிப் போனில் கேட்டதை நான் அறையில் மூணு தரம் சொல்லியிருக்கிறேன். மூணு தரமும் மதினி "பணத்தை யார்ட்ட கட்டணும்?" என்று கேட்டிருக்கிறது. அந்தக் கேள்விதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. சாவு நஷ்டஈட்டை முதலாளி வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் அது நஷ்டஈடாகக் கணக்கில் ஏறாது, ஆணையரிடம் கட்டவேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கின தாள் செல்லாது. கேட்பதற்கு ரெண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, மூணாம் நாளே முடிக்கவேண்டியதில்லை.

'கையெழுத்துக் கேட்டால்' பெட்டியை மதினி போய் எடுத்து வந்தது. கணக்கு அதில் இருந்தது. மாசச் சம்பளத்தில் பாதி, அதை வயசுக்கு ஏற்ற எண்ணால் பெருக்கணும். நாற்பது வயசுக்கு 184.17. அப்போது கணக்குக்கு எடுக்கிற சம்பளத்தின் உச்சவரம்பு 8,000 (2020 ஜனவரியிலிருந்து 15,000 ஆனது). நாலாயிரத்தை 184.17ஆல் பெருக்கினால் 7,36,680. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெருக்கிக் காட்டினேன். வந்தவர்களில் ஒருத்தர் "இதெல்லாம் யாரும்மா சொன்னது?" என்றார். "கேள்வி ஞானம்தான் சார்" என்றது மதினி. பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வக்கீல் பிடித்து, மனுப் போட்டு, பணம் கைக்கு வர மூணு தீபாவளி ஆனது. அந்த மூணு வருஷமும் எனக்கும் மதினிக்கும் அந்தப் பக்கத்தில் எந்த ஆபீசிலும் வேலை கிடைக்கவில்லை. வீட்டில் பெட்டி ஒட்டினோம். போன் தடையில்லை, நாள் முழுக்கக் கேட்டோம்.

2025 நவம்பர் 21ஆம் தேதி அந்த 1923 சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு சீட்டிலும் சிவப்பு மையில் இந்தத் தேதியைப் போட்டு, பழைய பிரிவு எண்களைக் கோடிட்டு, புதுச் சட்டத்தில் தேடி ஒவ்வொன்றாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். சீட்டில் தேதி இல்லாவிட்டால் இதைச் செய்யவே முடியாது. போனில் பழைய பேச்சும் புதுப் பேச்சும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கின்றன. செத்த சட்டத்தை உயிரோடு இருப்பதாகச் சொல்லும் குரல் இன்னும் பல வருஷம் ஓடும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஏட்டில் இருந்ததோடு கிழவன் கிழவி வாயில் இருந்ததையும் சேர்த்துத்தான் அவர் நமக்கொரு சரித்திரம் எழுதிப் பார்த்தார். 1914இல் அவர் இறந்தபிறகு எத்தனை வருஷம் அவர் பேச்சே இல்லை! அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காப்பாற்றியிராவிட்டால், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த புத்தகங்கள் வந்திருக்காது. இதைக் கேட்ட பிறகுதான் நாங்களும் பதிவு செய்யத் தொடங்கினோம். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டது போதாது, நம்ம கிழவிகள் பேசுவதையும் போனில் பிடித்து வைப்போம் என்று. எங்கம்மாதான் முதல் பதிவு. இப்போது நாற்பத்திரண்டு இருக்கிறது.

கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருத்தன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். பேர், ஊர், வேலை, வருஷம் என்று கட்டம் போட்டிருக்கிறான். வருஷக் கட்டத்தில்தான் தகராறு. யாரும் வருஷம் சொல்வதில்லை. "மீனம்பட்டி வெடிச்ச வருஷம் சடங்கானேன்" என்கிறார்கள். அவன் 1991 என்று போடுகிறான். "முதலிப்பட்டி வெடிச்சப்போ இவ கைப்பிள்ளை" என்றால் 2012 செப்டம்பர். "அச்சங்குளத்துக்கு மறுமாசம் கல்யாணம்" என்றால் 2021 மார்ச். "செங்கமலப்பட்டிக்கு முந்தின நாள் வேலையை விட்டேன்" என்றால் 2024 மே 8, தேதியே கிடைத்துவிடுகிறது. பேப்பரில் வந்த வெடிகளுக்கு இப்படி வருஷம் கண்டுபிடித்துவிடலாம். ஒருத்தர் ரெண்டு பேர் செத்து எதிலும் வராமல் போனவைதான் நிறைய. எங்கம்மா தன் பதிவில் 'பெரியம்மா ரூம் போன வருஷம்' என்று நாலு இடத்தில் சொல்லுது. எந்த வருஷம் என்று தெருவில் ஆறு பேரைக் கேட்டாச்சு. அந்தக் கட்டத்தில் தம்பி இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறான்: எங்க தெருவுக்குக் கரண்ட் வந்ததுக்குப் பிந்தி, தண்ணி டேங்க் கட்டினதுக்கு முந்தி.